துறைமுகப் பின்கால்வாய்: முள் சிக்குது, மீன் கடிக்கலை

தக்கை:
துறைமுகத்துக்குப் பின்னால பழைய சரக்குக் கால்வாய். ரெண்டு பக்கமும் கல் சுவர், ஆழம் 4 மீட்டர், நடுவுல ஒரு பாலம். தூண்டில் போடத் தடை இல்லைன்னு விசாரிச்சாச்சு. பிரெய்டுல (பல இழை பின்னின நரம்பு) நேரா முள் கட்டி, 30 கிராம் ஈயத்தோட நடுவுல வீசினா சிக்கி அறுந்துடுது. எங்க, எப்போ போடணும்? மீனைச் சாப்பிடலாமா?

சுவரோரம்:
வீசுறதை முதல்ல நிறுத்துங்க. நடுக்கால்வாய்ல சேறும் பழைய கயிறும் டயரும்தான் கிடக்கும். சிப்பி, கொட்டலசு, நண்டுக்குஞ்சு எல்லாம் ஒட்டியிருக்கறது சுவர்லயும் தூண்லயும். மீனும் அங்கதான் மேயும். சுவரிலிருந்து ஒரு அடிக்குள்ள நேரா கீழ இறக்குங்க. பாலத்தூண்ல ஓட்டம் வந்து மோதுற பக்கத்தை விட, பின்னால தண்ணி தளர்ந்து சுழலுற இடம் நல்லது. ராத்திரி பாலத்துல விளக்கு எரிஞ்சா வெளிச்சத்தின் நடுவுல போடாதீங்க. வேட்டை மீன் நிழல் விளிம்புல, இருட்டுப் பக்கமாத்தான் நிக்கும்.

தண்ணி நின்னா கடியும் நிக்கும். வற்றம் (கடல் தண்ணி இறங்குறது) தொடங்கி முதல் ரெண்டு மணி நேரம், பக்கவாய்க்கால் வந்து சேருற வாயைப் பாருங்க. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஓட்டம் வேகம், ஈயத்தைக் கூட்டணும். அஷ்டமி பக்கம் மந்தம்.

ஈயக்குண்டு:
கோளாறு கட்டுலதான். சிப்பி விளிம்புல உரசினா பிரெய்டு உடனே போயிடும். 0.45 மி.மீ. ஃபுளோரோகார்பன் (உரசலைத் தாங்குற நரம்பு) ஒன்றரை மீட்டர் லீடரா, அதாவது பிரெய்டு நுனியில சேர்க்கிற துண்டா போடுங்க, ரெண்டையும் இணைக்க டபுள் யூனி முடிச்சு: பிரெய்டுப் பக்கம் 8 சுத்து, லீடர் பக்கம் 4. லீடர் நுனியில ஸ்விவல் (சுழலும் வளையம்). அதுக்குக் கீழ 0.20 மி.மீ. மோனோ (ஒற்றை இழை நரம்பு) 20 செ.மீ., அதுல ஈயம். முள் கட்டுற கிளை நரம்பு ஸ்விவலுக்கு 30 செ.மீ. மேல, 15 செ.மீ. நீளம். ஈயம் சிக்கினா மெல்லிய துண்டு மட்டும் அறும், முள்ளும் மீனும் தப்பும். ஆனா இந்தக் கட்டை வீசக் கூடாது, ஈயம் தெறிச்சு ஆள் மேல பட்டுடும். இறக்க மட்டும்தான்.

1/0 அளவு சர்க்கிள் முள் (முனை உள்பக்கமா வளைஞ்சது) போதும். இரை கோக்கும்போது முனை வெளியே தெரியணும். கடிச்சதும் வெட்டி இழுக்காதீங்க, நிதானமா ரீல் சுத்தினா வாயோரத்துல தானா மாட்டும். சிக்கினா ராடை வளைக்காம நரம்புக்கு நேரா நீட்டி, பின்னால நடங்க. பிரெய்டைக் கையில சுத்தினா சதையை அறுத்துடும், மரக்கட்டையில சுத்துங்க. சுவர் உயரம்னா கயிறு கட்டின இறக்கு வலை கட்டாயம்.

சேறு:
சாப்பாட்டு விஷயத்துல கறாரா இருங்க. படகுப் பெயிண்ட்ல இருந்த டிபிடி (சிப்பி ஒட்டாம இருக்கச் சேர்த்த நச்சு) 2008லேர்ந்து சர்வதேச ஒப்பந்தப்படி தடை, ஆனா பழைய துறைமுகச் சேத்துல இன்னும் தங்கியிருக்கு. பிசிபி (பழைய மின்சாதனங்கள்ல இருந்த நச்சு ரசாயனம்) மீனோட கொழுப்புல சேரும். தோல், வயிற்றுக் கொழுப்பு, ஈரலை நீக்கினா குறையும். பாதரசம் சதையிலேயே இருக்கறதால வெட்டினாலும் வேகவெச்சாலும் போகாது. வயசான பெரிய வேட்டை மீன்ல அது அதிகம். அந்த நீர்நிலைக்குன்னு மீன் உண்ணும் அறிவுரை வெளியாகியிருந்தா அதன்படி நடங்க, இல்லைன்னா விட்டுடுங்க. சிப்பியைத் தொடவே வேண்டாம். பெருமழைக்கு அப்புறம் சாக்கடை வழிஞ்சு கலக்கும், மூணு நாள் போகாதீங்க.

தக்கை:
நன்றி. மேல கூட்டமா சுத்துற மடவைக்கு?

சுவரோரம்:
ஈயம் வேண்டாம். சின்னத் தக்கை, 10ஆம் எண் முள், பிரெட் துணுக்கு. உதடு மெல்லிசு, டிராக்கை (ரீல்ல நரம்பைப் பிடிச்சு வைக்கிற இறுக்கம்) தளர்த்தி வைங்க.