கொல்லையில் வைத்துப் பத்மினிக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

மன்னை மைந்தன்: தாத்தா ஓட்டிய 1978 பிரீமியர் பத்மினி காரைப் பிரித்துப் போட்டு ஏழு மாதமாகிறது. துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டியெறிந்து புதுத் தகடு பற்றவைத்தாயிற்று. கும்பகோணத்துப் பட்டறை ஒன்றில் பெயிண்டுக்கு மட்டும் சொன்ன தொகையைக் கேட்டதும் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கொல்லையில் தார்ப்பாய் கட்டி நானே அடிக்கப்போகிறேன். ஒரு ஹெச்.பி. காற்றுக் கம்ப்ரஸர் இருக்கிறது. வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பட்டறைப் பையன்: வேண்டாம் தம்பி. இப்போது பட்டறைகளில் அடிப்பது பெரும்பாலும் 2கே பெயிண்ட், அதாவது இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிப்பது. அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. உடம்புக்கு அது ஒருமுறை ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு துளி போதும், மூச்சு அடைக்கும். என் அப்பா முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டே காலமெல்லாம் அடித்தவர். இன்று நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். வெளியிலிருந்து குழாயில் சுத்தமான காற்று வரும் முகமூடிதான் அதற்குச் சரி. அது உன்னிடம் இருக்கிறதா?

ஓடம்போக்கி: 2கே இல்லாவிட்டால் உலகமே இல்லையா? பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடிக்கட்டும். ஹார்ட்னர் கிடையாது. தின்னர் பறந்ததும் காய்ந்துவிடும், தூசி ஒட்ட நேரமில்லை. வழிந்தால் வாட்டர் பேப்பரில் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். பழகுபவனுக்கு அதுதான் தோது. திருவாரூரில் என் அம்பாசடரை நானேதான் அடித்தேன்.

பட்டறைப் பையன்: அந்தப் போனட்டின் படத்தை அண்ணன் முன்பு இங்கே போட்டது நினைவிருக்கிறது. முதல் படத்தை.

ஓடம்போக்கி: சரி, சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில், மழை விட்ட ஓர் இரவில் ஃபோகஸ் விளக்கு போட்டு அடித்தேன். சுற்றிலும் சம்பா வயல். விளக்கைக் கண்ட பச்சைத் தத்துப்பூச்சியெல்லாம் போனட்டில் வந்து இறங்கின. அரிசிமணிகூட இராது ஒவ்வொன்றும், காலை உதைத்துக்கொண்டு கிடந்தன. ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். விடிந்து பார்த்தால், காற்றின் ஈரம் பட்டு லாக்கர் பாலாடை படிந்ததுபோல் வெளுத்திருந்தது. அத்தனையும் தேய்த்தெடுத்துவிட்டுப் பங்குனியில், நல்ல வெயில் ஏறியபின், தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்து அடித்தேன். முதல்முறை நடந்தது என் அவசரத்தின் குற்றம், கொல்லையின் குற்றம் அல்ல.

பட்டறைப் பையன்: தூசி ஒட்ட நேரமில்லை, பூச்சி ஒட்ட மட்டும் நேரம் இருந்ததாக்கும்! தம்பி, உன் கம்ப்ரஸரில் பாதிப் போனட்டு அடிப்பதற்குள் காற்று இறங்கிவிடும். நம் ஊர் ஈரக்காற்றை அழுத்தினால் குழாயில் தண்ணீர்தான் வரும். அதைப் பிடித்து நிறுத்தும் வாட்டர் டிராப் வைத்திருக்கிறாயா?

மன்னை மைந்தன்: இல்லை. வாங்கிவிடுகிறேன். மாப்பிள்ளையின் கம்ப்ரஸர் பெரியது, அதையும் கேட்கலாம்.

நாகை உப்பு: மேலே பூசுவதைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். எங்கள் கடற்காற்றில் வண்டி வைத்திருப்பவன் கேட்பது ஒன்றுதான்: அடியில் என்ன இருக்கிறது? வெறும் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் எபாக்சி பிரைமர் அடித்தீர்களா? கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா? முக்கியமாக, பள்ளம் நிரப்பப் பூசும் பட்டியைக் காய்ந்த தாளில் தேய்த்தீர்களா, தண்ணீர் விட்டா? பட்டி பஞ்சுபோல் ஈரத்தை உறிஞ்சும். அதன்மேல் எதை அடித்தாலும் ஆறே மாதத்தில் கொப்புளம் கிளம்பும். 2கேயானாலும் லாக்கரானாலும் ஒரே கதிதான்.

மன்னை மைந்தன்: நேற்றுதான் இடதுபக்கக் கதவுகள் இரண்டையும் தண்ணீர் விட்டுத் தேய்த்து முடித்தேன். தண்ணீர் விட்டால் வழவழவென்று வருகிறதே என்று. வெயிலில் சாய்த்து வைத்திருக்கிறேன், போதுமா?

நாகை உப்பு: பட்டிக்கு அடியில் பிரைமர் இருக்கிறதா?

மன்னை மைந்தன்: வெறும் தகடு.

ஓடம்போக்கி: இதில் நான் நாகை உப்பு பக்கம். சுரண்டிவிடு.

பட்டறைப் பையன்: வெயிலை நம்பாதே. தகடு தெரியும்வரை எடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடிக்கு வரும் வேலை இருக்கிறது. சுரண்டும் தகட்டோடு வருகிறேன். பெயிண்ட் அடிக்க அல்ல.