போர் 800 அடியில் புகைதான் வந்தது, அண்டர்கிரவுண்ட் அறைக்கு வாட்டர் ப்ரூஃப் தேவையா? (கிருஷ்ணகிரி)

பர்கூர்_மனை:
வணக்கம். பர்கூர் பக்கம் 40க்கு 60 மனை. ரோடு மேற்கே, மனை கிழக்கே சரிகிறது, பின்பக்கம் ரோட்டைவிட ஐந்து அடி பள்ளம். எப்படியும் மண் அடித்து நிரப்பித்தான் ஆகவேண்டும், அதற்குப் பதில் கீழே 30க்கு 20ல் ஓர் அறை எடுத்தால் புளி, ராகி மூட்டை போட்டு வைக்கலாம் என்று அப்பா ஆசைப்படுகிறார். ரோட்டிலிருந்து எட்டு அடி ஆழத்தில் தளம், சுற்றிலும் கருங்கல் சுவர், உள்பக்கம் பூச்சு. இதுதான் மேஸ்திரி சொன்ன திட்டம். போர் 800 அடி போட்டும் தண்ணீர் இல்லை, ஆறடிக்குக் கீழே பாறை, அதனால் வாட்டர் ப்ரூஃப் வீண்செலவு என்கிறார். சரிதானா?

தர்மபுரி_சிவில்:
சரியில்லை தம்பி. போர் வறண்டதற்கும் அறைக்குள் தண்ணீர் வருவதற்கும் சம்பந்தமே இல்லை. நம் இரண்டு மாவட்டத்திலும் அடியில் கெட்டிப் பாறை, அதில் வெடிப்பு இருந்தால்தான் போரில் தண்ணீர். மேலே இருக்கும் மண்ணிலும் உதிர்ந்த பாறையிலும் மழைக்காலத்தில் ஊறும் தண்ணீர் வேறு கணக்கு. போர் போடும்போது மேல்மண் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்கினார்களே, அது அந்த மேல்தண்ணீரை மறைத்துவிடும், அதனால் உங்கள் கண்ணுக்கே பட்டிருக்காது.

பாறை இருப்பதுதான் இங்கே வம்பு. பாறையை உடைத்துக் குழி எடுத்து, சுவர் கட்டி, சுற்றிலும் தோண்டிய மண்ணையே தள்ளினால் அது ஒரு தொட்டி. பெய்யும் மழை அந்தத் தளர்ந்த மண் வழியாக இறங்கும், கீழே பாறை விடாது, சுவரை ஒட்டியே நிற்கும். மூன்று அடி நின்றால் தளத்தின் ஒவ்வொரு சதுர அடியையும் 85 கிலோ மேலே தள்ளும். ஆறு அங்குல கான்கிரீட் தளத்தின் சொந்த எடையே 35 கிலோதான். வீட்டின் பாரம் சுவரை அழுத்திப் பிடிக்கும், நடுவில் இருக்கும் தளத்தை யார் பிடிப்பது? அதனால்தான் ராஃப்ட்டில், அதாவது அந்த அடித்தளக் கான்கிரீட்டில், மேல்பக்கமும் கம்பி வேண்டும். அந்தக் கணக்கை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் போடச் சொல்லுங்கள்.

முதலில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றைப் போய்ப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் எதுவரை ஏறும் என்று கேளுங்கள், சுவரில் கறையே சொல்லும். சித்திரையில் குழி வெட்டிப் பார்த்து காய்ந்திருக்கிறது என்று முடிவு பண்ணாதீர்கள்.

ஊத்தங்கரை_வாசி:
2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்கு எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. வறண்ட மாவட்டம் என்று நினைத்துக் கட்டிய எதுவும் அந்த நாளைத் தாங்கவில்லை. அப்புறம் இன்னொன்று, மழைநீர் சேகரிப்புக் குழி 2003லிருந்து கட்டாயம், அதைச் சுவரை ஒட்டித் தோண்டிவிடாதீர்கள். குழியும் செப்டிக் டேங்கும் சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளியே இருக்கட்டும்.

பர்கூர்_மனை:
ரொம்ப நன்றி அண்ணா. தோட்டத்துக் கிணற்றை விசாரித்தேன், கார்த்திகையில் தரையிலிருந்து ஏழு அடிக்கு வந்துவிடுமாம். அந்தத் தோட்டமும் எங்கள் பின்பக்க மட்டத்தில்தான் இருக்கிறது. கருங்கல் நம் ஊரில் மலிவாயிற்றே, அந்தச் சுவருக்கே வெளியே ஏதாவது பூசினால் போதாதா?

பாலக்கோடு_மேஸ்திரி:
கல் சுவர் மண்ணைத் தாங்கும் தம்பி, தண்ணீரைத் தாங்காது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கலவை சரியாக இறங்காத சந்து எத்தனையோ இருக்கும், எல்லாம் வழிதான். உள்ளே பூசினால் பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் பூச்சையே கொப்பளமாக உரித்துவிடும். எதைச் செய்தாலும் தண்ணீர் வரும் பக்கத்தில், அதாவது வெளியே, மண் மூடுவதற்கு முன்னால் செய்யவேண்டும். அதற்கு ஆள் நின்று வேலை பார்க்க இரண்டு மூன்று அடி இடம் விட்டுக் குழி எடுங்கள்.

காசை ஆர்.சி.சி. சுவரில், அதாவது கம்பி கட்டிய கான்கிரீட் சுவரில் போடுங்கள், எம்30 தரக் கான்கிரீட். ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 22 லிட்டர் தண்ணீருக்கு மேல் போகக்கூடாது, எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அதையும் கழிக்கவேண்டும். நம் ஆட்கள் கலவை இளகலாக வரட்டும் என்று ஒரு பக்கெட் சேர்த்து ஊற்றுவார்கள், அங்கே நீங்களே நில்லுங்கள். பெரும்பாலும் ஒழுகுவது தளமும் சுவரும் சேரும் ஜாயின்ட்டில்தான். தளம் போடும்போதே அந்த இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் பிவிசி வாட்டர்ஸ்டாப் பட்டையைப் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும்படி கம்பியோடு கட்டிவிடவேண்டும், இல்லையென்றால் கான்கிரீட் விழும்போது அது மடங்கிக்கொள்ளும், மடங்கினால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். சென்ட்ரிங் பலகையைப் பிடிக்கக் குறுக்கே விட்ட கம்பி ஓட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தேடி அடையுங்கள். அதற்கப்புறம்தான் வெளியே தண்ணீர் புகாத விரிப்பான தார் மெம்பரேன், அது கிழியாமல் இருக்க மேலே ஒரு பலகை, பிறகு ஜல்லி.

பர்கூர்_மனை:
இதையெல்லாம் கேட்டால் செலவு பயமாக இருக்கிறது. மழைக்காலத்தில் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டால்?

தர்மபுரி_சிவில்:
கரண்ட் போகும் அதே ராத்திரிதான் தண்ணீரும் ஏறும், மோட்டாரை மட்டும் நம்பிப் புளி மூட்டையை வைக்காதீர்கள். புளி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஒழுகவே வேண்டாம், ஓதமே போதும் கெடுப்பதற்கு.

உங்கள் மனைக்கு வேறு வழி இருக்கிறது. கிணறு சொல்வதைப் பார்த்தால் பின்பக்கத் தரைக்கு ஏழு அடி கீழே தண்ணீர், எனவே உங்கள் கவலை ஊற்று இல்லை, மேலிருந்து இறங்கி நிற்கும் மழைத்தண்ணீர். எட்டு அடி ஆழத்தை விடுங்கள். பின்பக்கத் தரையைவிட ஒரு அடி உயரத்தில் தளத்தை வையுங்கள், அதாவது ரோட்டிலிருந்து நாலு அடி கீழே. வீட்டின் பேஸ்மட்டத்தை ரோட்டிலிருந்து மூன்றரை அடி ஏற்றினால், மேல்தளம் ஆறு அங்குலம் போக உள்ளே ஏழடி உயரம் கிடைக்கும், மூட்டை வைக்கத் தாராளம். பாறையும் உடைக்கவேண்டாம். மண்ணை அணைத்து நிற்பது முன்பக்கச் சுவரும் பக்கச் சுவர்களில் பாதியும்தான், அதுவரை ஆர்.சி.சி., மெம்பரேன், மேஸ்திரி அண்ணன் சொன்ன எல்லாம். அந்தச் சுவருக்கு வெளியே தள மட்டத்துக்குக் கீழே ஓட்டை போட்ட பைப், சுற்றி ஜல்லி, மண் புகாமல் ஜியோ துணி. பைப்பைச் சரிவாகப் பின்பக்கம் கொண்டுபோய் வெளியே விட்டால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் ஓடிவிடும். கிழக்கே ஜன்னலும் வைக்கலாம், காற்று வரும்.

பைப்பின் வாய் தெரியும்படி விடுங்கள், எலி நுழையாமல் ஒரு வலை மாட்டுங்கள். பின்மனைக்காரர் நாளைக்கு மண் அடித்து உயர்த்தினால் அந்த வாய் அடைபடும், அதை இப்போதே அவரிடம் பேசி வையுங்கள்.