பழைய காரை வீட்டில் மர ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் பொருத்தும் பலகை) நிலைக்குமா?

கேள்வி (கீழக்கரை):
உம்மாவின் வீடு பவளக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கூடத்துச் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குச் சிமெண்ட் பூசி, நான்கு அங்குலப் பலகையை ஆணியால் அறைந்து, வெள்ளை எனாமல் அடித்தோம். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் பெயிண்ட் கொப்புளித்தது. ஆணித் தலைகளிலிருந்து துரு வழிந்தது. கழற்றிப் பார்த்தால், பெயிண்டே படாத பின்பக்கம் விரலால் கிள்ளும் அளவுக்கு மெத்தென்று இற்றிருந்தது; சுவரில் உப்பு வெள்ளைப் பஞ்சாகப் பூத்திருந்தது. தங்கையின் நிக்காஹுக்கு முன் மீண்டும் பலகை அடிக்க விரும்புகிறோம். தேக்கு வாங்கினால் போதுமா?

பதில் (தொண்டி, தச்சுவேலை):
தம்பி, தேக்கு வாங்கினாலும் அந்தச் சிமெண்டின் மேல் அடித்தால் பணம் வீண். காரைச் சுவர் தன் ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும்; சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால் ஓதம் பலகைக்குப் பின்னால் தேங்கியது. போதாததற்கு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே சுவரிலுள்ள உப்பு, காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்குமாதலால், நம் கடற்கரையில் மழை இல்லாத நாளிலும் அந்தச் சுவர் வியர்க்கும்.

முதலில் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். பிறகு சுண்ணாம்புக் காரையே பூசி, அவசரப்படாமல் பல வாரம் உலர விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பங்குனிக்குப் பின் செய்யுங்கள்.

பலகையைச் சுவரோடு ஒட்டாமல், சிறு கட்டைகள் வைத்து அரை அங்குலம் விலக்கி, தரையிலிருந்தும் நூலளவு தூக்கிப் பொருத்துங்கள். இரும்பாணிக்குப் பதில், கடற்காற்றைத் தாங்கும் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போடுங்கள். பவளக்கல் மிருதுவானது என்பதால், சுத்தியல் அடி இல்லாமல் மெதுவாகத் துளையிடச் சொல்லுங்கள். உதிர்ந்த கல்லுக்கு மாற்றுத் தேடிக் கடலுக்குப் போகாதீர்கள். பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன; எடுப்பது குற்றம்.

பதில் (மண்டபம், பெயிண்டர்):
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பலகையைப் பொருத்துவதற்கு முன்பே, பின்பக்கமும் இரு முனைகளும் உட்பட ஆறு பக்கங்களிலும் வுட் பிரைமர் அடித்தாக வேண்டும். மரம் தண்ணீரை மிகுதியாகக் குடிப்பது அறுத்த முனையில்தான். மூலையில் அளவுக்கு வெட்டியதும் அந்த வெட்டுவாயில் உடனே மறுபடி பிரைமர் தொடுங்கள். திருகாணிக் குழிகளைப் பட்டி வைத்து அடைத்து, 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் தூசி துடைத்து, உலர்ந்தபின் எனாமலை இரண்டு மெல்லிய பூச்சாக, ஒரு நாள் இடைவெளி விட்டு அடியுங்கள். ஒரே தடித்த பூச்சு, கடற்காற்றில் மேலே காய்ந்து உள்ளே காயாமல் சுருங்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சுவர் நேராக இல்லை. ரசமட்டம் வைத்தால் நடுவில் ஒரு விரல் குழி இருக்கிறது. அந்த இடைவெளியைச் சிமெண்டால் அடைக்கலாமா?

பதில் (தொண்டி):
வேண்டாம். பின்னால் வைக்கும் கட்டைகளை இடத்துக்கு ஏற்ற கனத்தில் இழைத்தால் பலகை நேராக நிற்கும். மேல்விளிம்பில் தெரியும் இடைவெளியை அடைக்காமல் விடுங்கள், காற்று போய்வர அதுதான் வழி.