ஈறு மஞ்சளாவதற்கு முன்பே

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வேளச்சேரித் தெருவில் நாலு நாள் முழங்காலளவு தண்ணீர். கருப்பன் நாட்டு நாய், ஐந்து வயது. ஒன்றுக்குப் போகத் தெருவை விட்டால் அவனுக்கு வேறு இடமில்லை. தினமும் அந்தத் தண்ணீரில்தான் இறங்கினான். எலிகள் நீந்தி வந்து மாடிப்படிக்கு அடியில் ஒண்டின. அப்போது அவற்றைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

தண்ணீர் வடிந்து ஒரு வாரம் இருக்கும். படியேறாமல் கீழேயே நின்றான், தூக்கப் போனால் முனகினான். சுளுக்கு என்று நினைத்தோம். மறுநாள் தயிர்சாதத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, இரண்டு முறை வாந்தி. பக்கத்து கிளினிக்கில் வயிற்றுக்கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். வெள்ளத்தில் நின்றதை நான் அங்கே சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். மூன்றாம் நாள் காலை உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு மஞ்சள், கண்ணும் மஞ்சள். மூத்திரம் கடுங்காப்பி நிறம்.

ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டரம்மா முதலில் கேட்டதே, "மழைத்தண்ணியில நின்னானா? வீட்டுல எலி இருக்கா?" லெப்டோ என்றார், எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் பரவும் எலிக்காய்ச்சல். கிட்னி கெட்டிருப்பதைக் காட்டும் கிரியேட்டினின் 6.2, ரொம்ப அதிகம். ட்ரிப்ஸ், பெனிசிலின் ஊசி, வாந்தி நின்றதும் டாக்சிசைக்ளின் இரண்டு வாரம்.

"வருஷா வருஷம் ஊசி போடறோமே மேடம்" என்றேன். அட்டையைப் புரட்டினார். இருந்ததெல்லாம் வெறிநாய் ஊசி மட்டும். லெப்டோ ஊசி வேறு. முதலில் சில வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. உங்கள் அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள், ஸ்டிக்கரில் லெப்டோவுக்கான ஆங்கில 'எல்' (L) எழுத்து இருக்கிறதா என்று.

வீட்டில் மூன்று வயது மகள். அவன் மூத்திரத்தில் கிருமி இருக்கும் என்றதும் அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் ஊற்றித்தான் துடைத்தேன். கருப்பன் பிழைத்துக்கொண்டான். கிட்னி மட்டும் பழையபடி இல்லை, சாப்பாடு இன்னும் டாக்டர் சொன்ன அளவில்தான்.

* * *

அக்கா, உங்க கருப்பன் கதையைப் படிச்சேன். நாங்க தஞ்சாவூர் பக்கம். இங்கே வெள்ளமெல்லாம் இல்லை. நெல் மூட்டை அடுக்குற கொட்டகையிலதான் எங்க நாய் சீனு படுப்பான். அவனுக்குக் கண் மஞ்சளாகவே இல்லை. ஓயாம தண்ணி குடிச்சான், ஓயாம ஒன்னுக்குப் போனான். வெயிலுக்குத்தான்னு விட்டுட்டோம். அஞ்சாம் நாள் மூத்திரமே நின்னுபோச்சு, அன்னிக்கு ராத்திரியே போயிட்டான். லெப்டோன்னு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது அதுக்கப்புறம்தான். இப்ப ஒரு குட்டி வந்திருக்கு. லெப்டோ ஊசி ரெண்டாவது தவணை அடுத்த வாரம். கொட்டகைக்கு எலி வராம வலை அடிச்சுக் கதவும் வச்சாச்சு.