மறு: கல்லறைத் திருநாள் கிரானைட் பலகை, சிறப்பு மலர் வசூல்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

ஊர்க் கல்லறையில பேரு வெட்டின பலகை வைக்க, ஊர் வரலாறோட மலர் புத்தகம் போடன்னு தலைக்கு 100 யூரோ கேட்ட மடல் பார்த்தேன். கொடுக்க மாட்டேன்னு சொல்லலை. எதுக்குன்னுதான் கேக்குறேன்.

போன நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எங்க சின்னம்மா ஊர்ல இருந்தாங்க. கல்லறை மந்திரிப்பு முடிஞ்சதும், ஆயா செத்த வருஷம் பார்க்கணும்னு பங்குச் சாமியார்கிட்ட அடக்கப் பதிவேட்டைக் கேட்டிருக்காங்க. பிரிச்சா, ராமபாணப் பூச்சி போட்ட துளை ஒரு பக்கத்துலேர்ந்து அடுத்தது, அதுக்கடுத்ததுன்னு நேரா இறங்கிப் போகுதாம். ஆயா பேரு பாதிதான் இருக்கு. 'ஆரோக்கிய', அப்புறம் ஓட்டை. மேரியா அம்மாளான்னு நமக்குத் தெரியும், நம்ம பிள்ளைங்களுக்கு யார் சொல்வான்னு போன்ல ஒரே அழுகை.

2011 டிசம்பர் 30 தானே புயல்ல தூங்குமூஞ்சி மரம் சாய்ஞ்சு வடபக்கத்துச் சிலுவையெல்லாம் நொறுங்குச்சே, அந்தக் குழியில கிடக்கிறது யார் யாருன்னு சொல்ல இந்தப் பதிவேட்டை விட்டா நாதி இல்ல. அது ஏன் 'வடபக்கம்' ஆச்சுன்னு மலர்ல வரலாறு எழுதுற அண்ணன் எழுதட்டும். புதுச்சேரி சம்பா கோயிலுக்குள்ள சாதி பார்த்துப் பிரிச்சு நின்ன சுவரை 1745லேயே இடிச்சாங்கன்னு ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புல இருக்கு. நம்ம கல்லறையில அதே மாதிரி பிரிச்ச சுவர் எங்கப்பா காலத்துலயும் நின்னுச்சு.

மலர் வரைவுல இன்னொரு தப்பு. சம்பா கோயில் 'முதன்முதலா' 1791ல கட்டினதுன்னு போட்டிருக்கு. அது இப்ப நிக்கிற கட்டடம். முன்ன இருந்தது, 1761ல இங்கிலீஷ்காரன் புதுச்சேரியையே தரைமட்டமாக்கினப்ப அதோட போச்சு.

பலகை மாதிரியையும் பார்த்தேன். கொடையாளர் பேரு மேலே கொட்டை எழுத்துல, இறந்தவங்க கீழே பொடி எழுத்துல. செத்தவங்க கல்லுல நமக்கு எதுக்கு மேல்வரிசை? என் 100 யூரோ பதிவேட்டை ஸ்கேன் எடுக்க மட்டும். மாதா கெபி (குகைக் கோயில்) கட்டின கணக்கையும் அப்படியே அனுப்புங்க.

தபால்காரர் வீட்டு நடுவுலவன், சார்செல், பிரான்சு

---

தம்பி, கெபி கணக்கு 2019லேயே அனுப்பியாச்சு. உன் பழைய விலாசத்துக்குப் போயிருந்தா நான் பொறுப்பில்ல.

மேல்வரிசைன்னு குத்துறியே. எங்க தாத்தா சைகோன்ல சொல்தாவா (பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயா) இருந்து, பிரான்சு பென்சன் காசுல கோயிலுக்கு மணி வாங்கி வச்சாரு. இன்னைக்கு வரைக்கும் அவர் பேரு ஒரு செங்கல்லுல கூட இல்ல. உங்கப்பா சாவுக்கு அடிச்சது அந்த மணிதான். பக்கத்து ஊர்க்காரன் பலகை வச்சுட்டு நம்மளப் பார்த்துச் சிரிக்கிறான், நீ பூச்சியைப் பத்திப் பேசுற. வரலாறு எழுதுறவனும் நான்தான். 1791ஐ மாத்திடறேன். சுவரெல்லாம் மலர்ல வேணாம்.

பொருளாளர்

---

அண்ணா, சுவர் ஏன் வேணாம்? வடபக்கத்துல கிடக்கிறது எங்க ஆளுங்க. அந்தச் சுவரை ஒட்டித்தான் எங்கம்மாவைப் புதைச்சோம். அன்னைக்கும் உங்க தாத்தா மணி அடிச்சுது, அதை நான் இல்லன்னு சொல்லலை.

டிசம்பர்ல ஊருக்குப் போறேன். சாமியார்கிட்ட பேசிட்டேன். பதிவேட்டைப் பக்கம் பக்கமா போன்ல படம் எடுத்துட்டு வரேன், காசு வேணாம். தாள் தொட்டா உதிருதாம். கையுறை போட்டுப் புரட்டுறதா, வெறுங்கையாலயான்னு விவரம் தெரிஞ்சவங்க யாராவது எழுதுங்க.