காயலான் கடை ஸ்டான்லி 5: பளபளப்பாக்கியது தப்பா?

கோவை_பட்டறை
போன மாதம் உக்கடம் பக்கம் ஒரு காயலான் கடையில் உடைந்த பம்புசெட்டுக்கு அடியில் மரத்தைச் சீவி வழுவழுப்பாக்குகிற இழைப்புளி ஒன்று கிடந்தது. ஸ்டான்லி கம்பெனி, 5 ஆம் நம்பர், 14 அங்குல நீளம். கடைக்காரர் தராசில் போட்டார், இரண்டு கிலோ சொச்சம், இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டார் (மரக் கைப்பிடியையும் சேர்த்து நிறுத்ததுதான் கொஞ்சம் வயிற்றெரிச்சல்). வீட்டுக்கு வந்து கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி, அரைகுறையாக இருந்த கறுப்புப் பூச்சை முழுசாக எடுத்து, கார் ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, பக்கங்களை பஃபிங் போட்டு, அடிப்பக்கத்தைக் கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்து முடித்தேன். இப்போது முகம் பார்த்துத் தலை சீவலாம். வார்ப்பிலேயே 02 என்று வருஷம் இருக்கிறது, அதாவது 1902. முன்னால் எடுத்த படம், பின்னால் எடுத்த படம் இரண்டும் போட்டிருக்கிறேன், சொல்லுங்கள்.

பழசுப்பித்தன்
தம்பி, உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை, ஆனால் முதல் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பார்த்தபோது கோயில் கல்தூணுக்கு எனாமல் பெயின்ட் அடித்ததைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்தக் கறுப்பு சாதாரணப் பெயின்ட் இல்லை. நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து பூசி, அடுப்பில் வைத்துச் சுட்டு ஏற்றியது. நூறு வருஷம் தாங்கியிருக்கிறது. படத்தில் முக்கால்வாசி நன்றாகவே இருந்ததே, எதற்கு எடுத்தீர்கள்?

இன்னொன்று, அது 1902 இல்லை. அது காப்புரிமைத் தேதி. உங்கள் முதல் படத்தையே பெரிதாக்கிப் பாருங்கள், வெட்டுகிற தகடு உட்காரும் சாய்வுத் தாங்கிக்கு, அதாவது தவளைக்கு, பின்னால் மூன்று வரி இருக்கிறது: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. மூன்றாவது வரி இருக்கும்போது அது 1910க்கு முன்னால் எப்படி வந்திருக்கும்? அப்புறம் வந்தவற்றில் ஒரே ஒரு தேதிதான். முன்கைப்பிடிக் குமிழும் குட்டையானது, 1920 வாக்கில்தான் உயரக் குமிழ் வந்தது. ஆக 1910க்கும் 1918க்கும் இடையில். சேகரிப்பவர்கள் இதை 11 ஆம் வகை என்பார்கள். கம்பெனிக்காரனுக்கே அந்த எண் தெரியாது, பிற்காலத்தில் சேகரிப்பவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு அது.

கோவை_பட்டறை
சரி, தேதி விஷயத்தில் தோற்றேன். ஆனால் தகட்டில் இதய வடிவத்துக்குள் இரண்டு எழுத்து இருக்கிறதே, அது என்ன கணக்கு?

பழசுப்பித்தன்
அந்த இதயம் வில்லியம் ஹார்ட் என்ற கம்பெனித் தலைவரின் பெயரை வைத்து வந்தது, 1920களின் முத்திரை. அதாவது தகடு பின்னால் மாற்றப்பட்டிருக்கிறது. குறையே இல்லை. தகடு தேயும், சாணை பிடித்துப் பிடித்துக் குட்டையாகும், புதுசு வாங்கிப் போடுவார்கள். ஒருவர் பத்து வருஷமாவது இதை வைத்துச் சோறு சாப்பிட்டிருக்கிறார் என்று அர்த்தம். நான் சொல்வது இதைத்தான்: தேய்மானத்தைப் படிக்கலாம், பஃபிங்கைப் படிக்க முடியாது.

ஆசாரி_மகன்
நாகர்கோவில் பக்கம், மூன்று தலைமுறையாகத் தச்சு வேலை. கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா, உங்கள் வீட்டு அலமாரியில் எத்தனை இழைப்புளி இருக்கிறது, அதில் எத்தனை கடைசியாக மரத்தைத் தொட்டது எப்போது? எங்கள் அப்பா ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் உளி, கொட்டாப்புளி, ரம்பம், வாய்ச்சி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி எண்ணெய் போட்டுத்தான் சந்தனம் குங்குமம் வைப்பார். துருவோடு வைத்தால் அடி விழும். பழசாக இருப்பதால் மரியாதை இல்லை, வேலை செய்வதால் மரியாதை. தம்பி செய்தது பாதி சரி. மரத்தில் சுருள் எடுக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

தம்பி, தகட்டைச் சாணை பிடிக்கும்போது கிரைண்டரிலேயே வைத்து நீலம் பாய விட்டீர்களா? நீலம் பாய்ந்தால் அந்த இடம் பதம் போச்சு, முனை நிற்காது. நீலம் போகிற வரைக்கும் தேய்த்துத் தள்ளிவிட்டு மறுபடி முனை கட்ட வேண்டும், தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து.

கோவை_பட்டறை
ஒரு ஓரத்தில் கொஞ்சம் நீலம்... ஆமாம் அண்ணே. சுருள் வருகிறது, ஆனால் பாதி அகலத்துக்குத்தான். ஆழம் வைக்கிற பித்தளைச் சக்கரமும் இறுக்கமாக இருக்கிறது, குறடு போட்டுத் திருப்பலாமா?

ஆசாரி_மகன்
குறடு வேண்டாம், கையை எடுங்கள்! அது இடது மரை. வழக்கமான பக்கம் திருப்பிக் கழற்றப் பார்த்து உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வையுங்கள். கைப்பிடித் திருகுகளும் இந்த ஊர் ஆணிக்கடைத் திருகுக்கு ஒத்துவராது, அந்தக் கம்பெனிக்கே உரிய மரை, எம்6 போட்டு முறுக்கினால் வார்ப்பு விரியும்.

வடமராட்சியான்
எங்கட பக்கம் இதைச் சீவுளி என்றுதான் சொல்வது, ரம்பத்தை வாள் என்போம். எனக்குப் பழசுப்பித்தன் அண்ணை சொல்வதில்தான் மனம் போகுது. அப்பப்பாவின் உளி ஒன்று இருக்கு, ஷெஃபீல்ட் என்றும் அதற்கு மேலே காஸ்ட் ஸ்டீல் என்றும் அடித்திருக்கு. காஸ்ட் என்றால் வார்ப்புத்தானே, அப்ப அது உடையக்கூடிய வார்ப்பிரும்போ? ஒருத்தர் அப்படிச் சொல்லி ஐந்நூறு ரூபாய்க்குக் கேட்டார். பிடியில் அப்பப்பாவின் முதலெழுத்து இருக்கு, அதனால் கொடுக்கவில்லை.

சோடா_வாளி
உடையும், வார்ப்பிரும்புதான். விற்றுவிடுங்கள்.

பழசுப்பித்தன்
தயவுசெய்து விற்காதீர்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதற்கு ஒரு அளவு வேண்டாமா? காஸ்ட் ஸ்டீல் என்றால் மூசை எஃகு. மண் மூசையில் (உலோகம் உருக்குகிற குடுவையில்) போட்டு உருக்கி வார்த்து, அப்புறம் அடித்து உருவாக்கியது. கடிகாரம் செய்துகொண்டிருந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் ஷெஃபீல்டில் இதைத் தொடங்கினார், வில்லுச் சுருளுக்கு ஒரே சீரான எஃகு கிடைக்கவில்லை என்று. அந்த முத்திரை தரத்தின் அடையாளம். பழைய உளிகளில் முகத்தில் மட்டும் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை ஒட்டிப் பின்னால் மெது இரும்பு வைத்திருப்பார்கள், தட்டை முகத்தை மாய்ந்து மாய்ந்து தேய்த்தால் அந்த எஃகே போய்விடும். மூசை எஃகு நம் பக்கத்துக்குப் புதுசும் இல்லை, தென்னிந்திய உருக்கை மைக்கேல் ஃபாரடேயே 1819இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சரி, அந்தப் பக்கம் போனால் திரும்பி வரமாட்டேன்.

சோடா_வாளி
சரி சரி, தப்புத்தான், கோபப்படாதீர்கள். எனக்குத் தெரிந்தது துரு மட்டும்தான். அதைச் சொல்கிறேன், கேளுங்கள். கம்பி பிரஷ்ஷே தேவையில்லை. பிளாஸ்டிக் வாளி, தண்ணீர், லிட்டருக்கு ஒரு கரண்டி சலவை சோடா, பழைய பேட்டரி சார்ஜர். கருவியை எதிர்முனையில் கட்டுங்கள், நேர்முனையில் ஏதாவது உதவாத இரும்புக் கம்பி. ராத்திரி விட்டுக் காலையில் எடுத்தால் துரு சகதி மாதிரி வழிந்துவிடும், அடியில் இருக்கிற நல்ல இரும்பை அது தின்னாது. கம்பிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியைப் போடாதீர்கள், அதிலிருக்கிற குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும். அறைக்குள்ளும் வேண்டாம், வருவது ஹைட்ரஜன்.

பழசுப்பித்தன்
இதில் உடன்படுகிறேன், ஆனால் கறுப்புப் பூச்சு பிடிப்பு விட்டிருந்தால் அதுவும் சேர்ந்து உரிந்து வரும். பூச்சைக் காப்பாற்ற வேண்டும் என்றால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), லிட்டருக்கு 50 கிராம், சில மணி நேரம் போதும், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டும். கழுவி, சமையல் சோடாத் தண்ணீரில் முக்கி, வெயிலில் காயவைத்து உடனே தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும். பித்தளைக்கு மட்டும் புளி, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரியே.

ஆசாரி_மகன்
ஐயா, சந்தடி சாக்கில் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகிறீர்கள். எத்தனை?

பழசுப்பித்தன்
முப்பத்தொன்று. வேலை செய்வது இரண்டு. போதுமா? மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்னால் வாங்கிய முதல் இழைப்புளியும் அதில் ஒன்று, இன்றைக்கும் அதில்தான் இழைக்கிறேன், துருவை எடுத்தேன், முனை கட்டினேன், வேறு எதையும் தொடவில்லை. முனையும் அடிப்பக்கமும் வேலைக்கானவை, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் தேயுங்கள். பக்கமும் முதுகும் எதற்குப் பளபளக்க வேண்டும்? மரம் அதைப் பார்க்கப்போகிறதா?

ஆசாரி_மகன்
மரம் பார்க்காது, கை பார்க்கும். சொரசொரப்பான பக்கம் நாள் முழுக்கப் பிடித்தால் கொப்புளம். முப்பத்தொன்றில் இருபத்தொன்பது சும்மா இருப்பதற்கு, இந்தத் தம்பி பெயின்ட் அடித்த ஒன்று வேலை செய்தால் எனக்கு அதுதான் பெரிசு. இன்றைக்கு எங்கள் ஊரில் பையன்கள் மின்சார பிளேனர்தான் எடுக்கிறார்கள், ஒருவன் கையால் இழைக்க வருகிறான், அவனைக் கோயில் தூண் அது இதென்று சொல்லித் துரத்துகிறீர்கள்.

வடமராட்சியான்
ஒரு சின்னக் கேள்வி. தம்பியின் முதல் படத்தில் பின்கைப்பிடியில் கீறல் விட்டிருக்கு. அது என்ன மரம்?

பழசுப்பித்தன்
பிரேசில் ஈட்டி. 1992 முதல் உலக வர்த்தகத்தில் கடும் தடை இருக்கிற மரம், அதனால் அதைச் சுரண்டி பாலிஷ் போட்டதற்குத்தான் எனக்கு அதிக வருத்தம். கீறலை ஒட்ட எபாக்சி போதும். மாற்றுவதாக இருந்தால் நம்ம ஊர் ஈட்டியில் பழைய கட்டில் கால் ஏதாவது கிடைக்கும், நிறமும் கிட்டத்தட்ட வரும். பழைய பிடியைத் தூக்கி எறியாதீர்கள்.

இப்போது நானும் ஒன்று கேட்கிறேன். முதல் படத்தில் இடது பக்கத்தில், குமிழுக்குக் கீழே, துருவுக்குள் மூன்று எழுத்து அடித்த மாதிரி தெரிகிறது. எஸ், ஐ, ஆர். இரண்டாவது படத்தில் அந்த இடம் கண்ணாடி. அங்கே என்ன இருந்தது தம்பி?

கோவை_பட்டறை
ஏதோ இருந்தது. யாரோ ஆணியால் கிறுக்கியது என்று நினைத்து உப்புத்தாள் போட்டேன். ஏன்?

பழசுப்பித்தன்
எஸ்.ஐ.ஆர். என்றால் சவுத் இண்டியன் ரயில்வே. பட்டறைக் கருவிகளில் ரயில்வேக்காரர்கள் முத்திரை அடிப்பார்கள். பொன்மலைப் பட்டறை 1928இல்தான் திருச்சிக்கு வந்தது, அதற்கு முன்னால் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1910களில் செய்த இழைப்புளி, 1920களில் மாற்றிய தகடு. நாகப்பட்டினத்தில் மர ரயில்பெட்டி இழைத்துவிட்டுப் பொன்மலைக்கு மாற்றலாகிப் போயிருக்கலாம். போயிருக்கலாம் என்றுதான் இனிமேல் சொல்ல முடியும்.

ஆசாரி_மகன்
அல்லது சா.இ. ராஜமாணிக்கம் என்று யாராவது ஒரு ஆசாரி இங்கிலீஷில் முதலெழுத்து அடித்திருப்பார். எங்கள் வீட்டு உளியில் எல்லாம் எங்கள் தாத்தாவின் முதலெழுத்துதான். உடனே ரயில் ஏற்றிவிட்டீர்களே ஐயா.

பழசுப்பித்தன்
இருக்கலாம். மூன்றெழுத்தும் ஒரே அச்சில் ஒரே வரிசையில் அடித்திருந்தால் கம்பெனி முத்திரை, தனித்தனியாகக் கோணல்மாணலாக இருந்தால் உங்கள் ராஜமாணிக்கம். பார்த்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். பார்க்கத்தான் வழியில்லை.

சோடா_வாளி
வேறு பாகத்தில் இருக்காதா? தகட்டை அமுக்கிப் பிடிக்கிற மூடியை எடுத்துப் பாருங்கள், சில சமயம் அதன் உள்பக்கத்திலும் அடித்திருப்பார்கள். தேய்க்க வேண்டாம், திருநீறைத் தடவி ஊதிவிடுங்கள், பள்ளத்தில் நின்ற வெள்ளை மட்டும் எழுத்தாகத் தெரியும்.

கோவை_பட்டறை
மூடியின் உள்பக்கத்தை நல்லவேளை இன்னும் தொடவில்லை. இப்போதுதான் அம்மாவிடம் திருநீறு வாங்கித் தடவிப் பார்த்தேன் (எதற்கு என்று கேட்டார், சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டார்). எஸ் தெரிகிறது, ஆர் தெரிகிறது, இரண்டும் ஒரே உயரம். நடுவில் ஒரு கோடு, அது 'ஐ' எழுத்தா வெறும் கீறலா என்று பிடிபடவில்லை. படம் போடுகிறேன்.

ஆசாரி_மகன்
கீறல்.

பழசுப்பித்தன்
ஐ. பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டில் டார்ச் அடித்து இன்னொரு படம் எடுங்கள் தம்பி. அதுவரைக்கும் அந்தக் கிரைண்டரைப் பரண்மேல் போடுங்கள்.