நரம்பு அறுந்த பின் வியர்க்காத தோல்: உங்கள் அனுபவம் என்ன?

கண்ணாடி கிழித்ததில் மணிக்கட்டில் என் அல்நார் நரம்பு (கையின் சுண்டுவிரல் பக்க நரம்பு) அறுந்தது. உடனே தைத்தார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்தத் தோல் வியர்க்காது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. பதற்றத்தில் உள்ளங்கை நனையும்போதும் அந்த ஓரம் காகிதம் போல் உலர்ந்து கிடக்கிறது. பிடித்த பொருள் வழுக்குகிறது. முதலில் விரல் சிவந்து வெதுவெதுப்பாக இருந்தது. இப்போது குளிர் வந்தால் முதலில் வெளிறுவதும் அதுதான். தண்ணீரில் நெடுநேரம் ஊறினாலும் அதன் நுனி சுருங்குவதில்லை. யாருக்காவது வியர்வை திரும்பியதா?

* * *

உடலியங்கியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். நீங்கள் தண்ணீரில் பார்த்தது எங்களுக்கு ஒரு சோதனை. 1973-இல் ஓ'ரியைன் என்ற மருத்துவர் இதை வெளியிட்டார். ஊறிய விரல் சுருங்குவது தோல் உப்புவதால் அல்ல. பரிவு நரம்புகள் (வியர்வையையும் இரத்தக் குழாய்களையும் தானாக இயக்கும் இழைகள்; கை நரம்புக்குள்ளேயே ஓடுகின்றன) நுனியின் இரத்தக் குழாய்களை இறுக்க, உள்ளிருக்கும் சதையின் பருமன் குறைகிறது, மேல்தோல் மடிகிறது. நரம்பு அறுந்தால் இறுக்க ஆளில்லை. ஆரம்பத்தில் விரல் வெதுவெதுப்பாக இருந்ததற்கும் அதே காரணம்தான்.

வியர்வையைச் சோதிக்க 1928-இல் மைனர் என்ற மருத்துவர் தந்த முறையை இன்றும் பயன்படுத்துகிறோம். தோலில் அயோடின் பூசி, உலர்ந்ததும் மாவுச்சத்தைத் தூவி, உடலைச் சூடேற்ற வேண்டும். வியர்க்கும் இடம் கருநீலமாகும். நரம்பிழந்த இடம் வெளிறியே நிற்கும். அந்த எல்லைக்கோடு அவ்வளவு துல்லியமாகத் தெரிவதை முதன்முதலில் பார்த்தபோது உடன் பணிபுரிபவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். "உணர்கிறதா?" என்று கேட்டால் அழும் குழந்தையிடமும் இந்தச் சோதனைகள் செல்லும். நோயாளி வாய் திறக்கத் தேவையில்லை.

தைத்த நரம்பின் இழைகள் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டிலிருந்து நுனிவரை கணக்கிட்டால் மாதங்கள் ஆகும். எல்லா இழையும் போய்ச் சேரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

* * *

எனக்கு வியர்வை திரும்பியது. அறுந்தது நடு நரம்பு (கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்குப் போவது). கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இப்போது நன்றாகவே நனைகின்றன. ஆனால் பைக்குள் கைவிட்டால் நாணயமா பொத்தானா என்று இன்னும் தெரிவதில்லை. வியர்த்தால் உணர்வும் வந்துவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு இழைகளின் வேலை என்று என் பிசியோதெரபிஸ்ட் சொன்னார். உணர்வுக்கான பயிற்சியைத் தனியாகத் தொடர்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு சொரசொரப்பான துணியையும் வழுவழுப்பான துணியையும் பிரித்தறிய இப்போதுதான் வருகிறது.